மீன் கேட்டு வந்தவர்

அரசாங்கக் காகிதத்தில் அமலோற்பவம் ஓர் 'ஆதரவற்ற விதவை'. இந்த இரண்டு சொற்களில் ஒன்றைக்கூட அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. அவற்றின் பேரில் வருகிற உதவித்தொகையை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதல் சொல்லை மரக்காணத்தில் அவரைத் தெரிந்த யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விடிந்ததும் அவர் வாசற்படியில் உட்கார்ந்து காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். அந்த நேரத்தில் இந்த ஆதரவற்றவரின் ஆதரவை நாடி நாலு பேராவது வந்து நிற்பார்கள். மருமகளோடு முறைத்துக்கொண்டு பெட்டியோடு வந்திருக்கும் நாத்தனார், பிரம்மதேசத்துக்கு பஸ் ஏறுமுன் கைக்குழந்தையை விட்டுப்போக வந்த பக்கத்து வீட்டுப் பெண், போன வாரம் வாங்கிய அண்டாவைத் திருப்பித் தராமல் இந்த வாரம் கொப்பரை கேட்டு வந்தவர். எல்லோருக்கும் பதில் உண்டு, ஆனால் எண்ணெய் தேய்ப்பது நிற்காது. குதிகால் வெடிப்பு ஒவ்வொன்றிலும் விரல் நுனியால் எண்ணெயை வைத்து அழுத்துவார், ஓட்டை அடைக்கிற கொத்தனாரைப் போல.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்ற கால்கள். உப்பளத்தில் கூடை சுமக்கிற பெண்கள் யாரும் தங்கள் காலைத் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தால் அழுகை வரும். அமலோற்பவம் மட்டும் பார்ப்பார்.

"இதே கால்லதான எந்திரிச்சு நிக்கணும்" என்பார்.

எப்போது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு.

"கடைசி நாள்ல." கேட்டவருக்கு அது புரிந்ததா என்று பார்க்க மாட்டார். அடுத்த காலுக்குப் போய்விடுவார்.

மாதா கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர் அவர். அந்தத் தெருவில் ஆத்துமாவைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் பேசாத ஆள் கிடையாது. அமலோற்பவத்துக்கு அவற்றில் பெரிய அக்கறை இல்லை. ஆத்துமாவுக்கு முட்டி வலிக்காது, பசிக்காது, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அவருடைய விசுவாசமெல்லாம் உடம்பின் மேல்தான். செத்த உடம்பு ஒருநாள் எழுந்திருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் சேர்ந்து விசுவாசத்தை அறிக்கையிடும்போது, சரீரம் உயிர்த்தெழும் என்கிற இடம் வந்ததும் அவர் குரல் மட்டும் தனியாக ஏறும். கீபோர்டு வாசிப்பவர் இன்னமும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் பார்க்கிறார்.

இப்படிப்பட்ட நம்பிக்கை உள்ளவர்கள் இந்த உடம்பைக் கொஞ்சம் அலட்சியமாக நடத்துவார்கள் என்று யாரும் நினைக்கலாம். அமலோற்பவமோ பிரஷர் மாத்திரையை ஒரு வேளை தவற விடமாட்டார். கடைசி நாளில் புது உடம்புதான் தருவார்கள், முட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று, புதிதாக மாற்றலாகி வந்த இளம் பங்குச்சாமியார் அன்போடு எடுத்துச் சொன்னார். "புதுசு குடுக்கறவரு, பழச எப்பிடி வச்சிருந்தன்னு கேக்கமாட்டாரா சாமி?" என்று இவர் திருப்பிக் கேட்டார். சாமியார் ரோமாபுரியில் படித்தவர். அங்கே இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். கணவர் குழந்தைசாமி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஒரு மத்தியானம் உப்பள வரப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தார். அடக்கம் முடிந்த மறுவாரமே அமலோற்பவம் தலையில் பூ வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். தெரு கொஞ்ச நாள் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது. "அவரு முன்னாடி போயிருக்காரு. ஊருக்குப் போன புருஷனுக்குப் பூவ எடுப்பாங்களா?" என்று கேட்டதும் நின்றுவிட்டது. இன்றுவரை கணவரைப் பற்றி அவர் இறந்தகாலத்தில் பேசியதில்லை. அவருக்கு ரசத்தில் புளி கூடினால் ஆகாது, மழை நாளில் முதுகு பிடித்துக்கொள்ளும், பேச்சுக்கு நடுவே பதில் சொல்லாமல் எழுந்து போகிற கெட்ட பழக்கம் உண்டு. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டில் ஒரு பசுமாடு சம்பந்தப்பட்டிருக்கிறது. அமலோற்பவத்தைக் கேட்காமல் குழந்தைசாமி அதை விற்றுவிட்டார். ஏன் விற்றாய் என்ற விசாரணை நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "பதில் சொல்லாம போயிட்டாரு. வரட்டும்" என்கிறார் இவர். மற்றவர்களுக்கு உயிர்த்தெழுதல் ஓர் ஆறுதல். அமலோற்பவத்துக்கு அது வாய்தா. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

சாவுக்கு இப்படித் துளியும் பயப்படாதவர் பல்லிக்குப் பயப்படுவார். மேலே விழுந்துவிட்டால் அன்றைக்கு அந்த அறைப் பக்கமே போகமாட்டார். அறுபதைத் தாண்டிய பிறகு சைக்கிள் கற்றுக்கொண்டார். முஜீப் ரஹ்மான் பாயின் மளிகைக்கடை ஷட்டரில் இருக்கிற பள்ளம் அந்தக் கல்வியின் அடையாளம். இந்த வயதில் எதற்கு என்று பாய் ஷட்டரைத் தடவிக்கொண்டே கேட்டார். "அங்க போய்க் கத்துக்கலாம்னு வுட்டா, அங்க சைக்கிள் இருக்குதோ இல்லியோ" என்றார் இவர்.

உப்பளத்தையும் உயிர்ப்பையும் முடிச்சுப்போட இந்த ஊருக்கு வருகிற ஒவ்வொரு பிரசங்கிக்கும் ஆசை வரும். ஐப்பசி மழையில் பாத்திகளெல்லாம் முழுகி, வெள்ளை வெளேரென்று கிடந்த இடம் ஒரே ஏரியாகிவிடும். பொங்கல் கழிந்து தண்ணீரை இறைத்தால் மாசியில் மறுபடி உப்புப் பூக்கும். ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குப் போகிற கார்கள் ஓரம் கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும். போன வருஷம் இளம் சாமியாரும் அந்த வலையில் விழுந்தார். மழையில் மடிந்த உப்பு தானாக மீண்டும் எழுவதைப் போல, என்று அழகாகப் பேசினார். பூசை முடிந்ததும் அமலோற்பவம் அவருக்காக வாசலில் காத்திருந்தார்.

"உப்பு தானா எந்திரிக்கல சாமி. பாவாடை மிதிச்சாரு."

சாமியாருக்கு விளங்கவில்லை. அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். பாத்தியின் தரை களிமண். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கவேண்டுமென்றால் அந்தக் களியைக் காலால் மிதித்து மிதித்து, சிமெண்டுத் தரை மாதிரி இறுக்க வேண்டும். வெயிலில் முழங்கால் சேற்றில் நின்று அதைச் செய்பவர் பாவாடை. அந்தப் பகுதியில் அவரைப்போல் மிதிக்க ஆளில்லை என்பார்கள். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சாமியாரைப் பார்த்ததும் சேற்றுக்குள் நின்றபடியே கும்பிட்டுவிட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

பாவாடை கிறிஸ்தவர் இல்லை. ஆனால் அமலோற்பவத்தின் ஈஸ்டர் பாவாடை இல்லாமல் நடக்காது.

அந்த ஈஸ்டரைச் சொல்ல வேண்டும். தவக்காலம் முழுக்க அமலோற்பவம் கவிச்சி தொடமாட்டார். கடற்கரை ஊரில், தெருவெல்லாம் குழம்பு கொதிக்கிற வாசனையில், மீனில்லாமல் அத்தனை வாரம் இருப்பது என்ன என்று உள்ளூரில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாவது வாரத்தில் அவரிடம் யாரும் அண்டா கேட்டுப் போவதில்லை. அவருடைய பக்தியின் உச்சம் ஈஸ்டர் காலைப் பூசை முடிந்த பிறகு வரும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரி மூட்டி மீன் சுட்டு, நனைந்து களைத்து வந்த செம்படவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் என்று கோயிலில் வாசிப்பார்கள். அவருக்குப் பிடித்த இடம் அதுதான். "எந்திரிச்சு வந்தவரு நேரா அரமனைக்கா போனாரு? கரையில குந்தி மீன் சுட்டாரு" என்பார். ஆகவே இவரும் உப்பள வரப்பில் சவுக்குக் கட்டை கொளுத்தி, உடன் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் மீன் சுட்டுப் போடுவார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். முஜீப் பாய் எலுமிச்சம்பழத்தோடு வருவார். பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சிவஞானம் முதலாளி, இந்தப் பக்கம் சும்மா வந்ததாகச் சொல்லிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் சுடுவது குழந்தைசாமி. அவர் போனபின் பாவாடை. மீனைத் திருப்புகிற கம்பியை அவர் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

போன கார்த்திகையில் பாவாடையின் மனைவி அஞ்சம்மாள் இறந்துபோனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அஞ்சம்மாள் அமலோற்பவத்துக்கு உப்பளத்தில் சோடி. உப்பு நிறைந்த கூடையைத் தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, எதிரில் நின்று ஒருத்தி தூக்கிவிட வேண்டும். ஏறக்குறைய இருபது வருஷம் இவர் கூடையை அவரும் அவர் கூடையை இவரும் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

பாவாடை அப்போது மூலையில் உட்கார்ந்தவர்தான். பொங்கல் முடிந்து பாத்தி மிதிக்க வேண்டிய நேரத்தில் அவர் வரவில்லை. சிவஞானம் லாரிக்கு லோடு ஏற்றுகிற கௌதமைப் பிடித்து, தற்சமயத்துக்கு அந்தப் பாத்திகளில் இறக்கிவிட்டார். பாவாடையின் மகள் நிவேதா ஆரோவில்லில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போகிற சோறு சாயங்காலம் அப்படியே இருக்கும். "நானும் அன்னிக்கே செத்துட்டேன், எனுக்கு எதுக்கு சோறுன்றாரு பெரிம்மா" என்று ஒருநாள் அமலோற்பவத்திடம் வந்து அழுதாள்.

ஊர் அவரைக் கைவிடவில்லை. பிரம்மதேசத்து உறவுக்காரர்கள் தூக்குப்போசியில் குழம்பு கொண்டுவந்தார்கள். முஜீப் பாய் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. சாமியார் வந்து, தோளில் கைபோட்டு வெகுநேரம் பேசினார். பாவாடை மரியாதை தெரிந்தவர். எல்லோருக்கும் தலையாட்டினார். சிவஞானமும் மோசமான மனிதரில்லை, இரண்டு மாசம் பொறுத்தார். ஆனால் பங்குனி வெயில் ஏறிவிட்டது. உப்பு வாருகிற காலத்தில் பாத்தியை அரைகுறை ஆளிடம் எத்தனை நாள் விட முடியும்? திங்கட்கிழமை வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பாத்தி அவர்கள் கைக்குப் போகிறது என்று நிவேதாவிடம் சொல்லிவிட்டார். ஒரு தடவை கைமாறிய பாத்தி திரும்பி வராது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் ஈஸ்டர்.

அமலோற்பவம் மட்டும் அந்த வீட்டுக்குக் குழம்போ சோறோ கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு முறை போனார். போய்ச் சண்டை போட்டார்.

"அஞ்சம்மாவ நான் பாக்கப்போறேன் பாவாடை. பாத்தவுடனே அவ என்னா கேப்பா? என் புருஷன என்னாடி பண்ணிட்டு வந்தன்னு கேப்பா. நான் என்னா சொல்றது, குந்தவச்சிட்டு வந்தன்னா?"

பாவாடை நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் ஒங்காளுங்களுக்குக்கா. நாங்க எரிச்சிட்டோம். எரிச்சதுல என்னா இருக்குது எந்திரிக்க?"

அமலோற்பவம் அங்கிருந்து நேராகச் சைக்கிளை மிதித்துச் சாமியாரிடம் போய் நின்றார். எரித்தாலும் புதைத்தாலும் கடவுளுக்கு ஒன்றுதான், மண்ணிலிருந்து மனுஷனைச் செய்தவருக்குச் சாம்பல் ஒரு தடையா என்று சாமியார் சொன்னது இவருக்குப் பிடித்தது. ஆனால் ஞானஸ்நானம் பெறாத அஞ்சம்மாள் அன்றைக்கு அங்கே இருப்பாளா என்ற அடுத்த கேள்விக்கு, கடவுளின் இரக்கம் பெரியது, அதன் வழிகள் நமக்கு முழுதும் தெரியாது என்று அவர் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான சாமி? அவள வுட்டுட்டு நான் மட்டும் எந்திரிச்சு நின்னா, எனுக்கு யாரு தூக்கிவுடுவா?"

சாமியார் ஈஸ்டருக்கு மீன் சாப்பிட வருவதாக மட்டும் சொன்னார்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும், அனுமந்தையிலிருந்து நாட்டுப்படகில் வந்த கானாங்கத்தை மீனைக் கூடையோடு தலையில் வைத்துக்கொண்டு, அமலோற்பவம் உப்பளத்துக்குத் திரும்பாமல் பாவாடை வீட்டுப் பக்கம் திரும்பினார். பின்னால் வந்த உப்பளத்து ஆட்களும் பாயும் முதலாளியும் சாமியாரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். வருஷம் திரும்பாத வீடு அது. அங்கே பண்டிகை கிடையாது. அந்த வீட்டில் பொங்கல்கூடப் பொங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், கேட்டுப் போகமாட்டார்கள். மஞ்சள் புடவையும் தலைநிறையப் பூவுமாக வந்த பெரியம்மாவையும் பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்து நிவேதா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அமலோற்பவம் மீன்கூடையை வாசலில் இறக்கினார். தண்ணீர் குடிக்கவேண்டும் என்று உள்ளே அடுக்களைக்குப் போனார். திரும்பி வந்து, பாவாடை உட்கார்ந்திருந்த மூலைக்கு நேர் எதிரில், கொல்லைக் கதவை ஒட்டிப் புடவையை நன்றாக விரித்துத் தரையில் உட்கார்ந்தார். உட்காருவதற்குள் கொஞ்சம் தடுமாறினார். முட்டி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"பாவாடை, எனுக்குப் பசிக்குது. சாப்பிட என்னா வச்சிருக்கிற?"

வாசலில் நின்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாமியார் ஒருவர்தான் அந்தக் கேள்வியை அடையாளம் கண்டுகொண்டார். உயிர்த்தெழுந்தவர் முதன்முதலில் நண்பர்களிடம் வந்தபோது, அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, பேயோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தேறுதல் சொல்லி முடித்ததும் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒரு துண்டு மீன் கொடுத்தார்கள். அவர்கள் கண்முன்னே தின்று காட்டினார். இதைச் சாமியார் எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். ஒரு துக்க வீட்டில் இதை இப்படிக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

பாவாடை அசையவில்லை. நிவேதா, இட்லி இருக்கிறது பெரியம்மா, கொண்டு வருகிறேன் என்றாள். இட்லி யாருக்கு வேண்டும், அத்தனை வாரம் வாயைக் கட்டியது இட்லிக்கா என்று அமலோற்பவம் அவளை அடக்கினார். பிறகு, சுடத் தெரிந்தவர் சுடவில்லையென்றால் சுடத் தெரியாதவர் சுடட்டும் என்று கௌதமைக் கூப்பிட்டார்.

கௌதம் மூட்டை தூக்குவதில் கெட்டிக்காரர். கொல்லையில் சவுக்குக் கட்டையை அடுக்கி, தீ ஆளுயரம் எழும்பியதும் மீனை எடுத்து நேராக அதிலேயே வைத்தார். தோல் கருகுகிற நாற்றம் வீட்டுக்குள் வந்தது.

"தீயில வைக்காதடா" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "தணல்ல வை."

கௌதம் கட்டைகளை விலக்கினார். புகை கிளம்பி எல்லோரையும் இரும வைத்தது. அடுத்த மீனின் வால் தனியாகக் கழன்று விழுந்தது.

"அடச்சே" என்றார் பாவாடை. எழுந்தார். மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்த மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கொல்லைக்கு வந்து கௌதமின் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டார். கட்டைகளைத் தட்டித் தணலாக்கினார். மீதி மீனைக் கழுவச் சொல்லி, தானே கீறினார். மிளகாய்த்தூள் கேட்டார், மஞ்சள் கேட்டார். நிவேதா ஓடி ஓடிக் கொடுத்தாள். உப்பு கேட்டார்.

உப்பு இல்லை.

உப்பளத்துக்காரர்கள் வீட்டிலும் சமையலுக்குக் கடைப் பாக்கெட் உப்புதான். பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிய புது உப்பு கசக்கும். நேற்று பிரித்த பாக்கெட் இங்கேதான் இருந்தது என்று நிவேதா அலமாரியை இரண்டு தடவை துழாவினாள்.

"கடையில இருக்குது, ஒரு நிமிஷத்துல எடுத்தாறேன்" என்று முஜீப் பாய் கிளம்பினார்.

"ஏன் பாய், இன்னிக்குக் கடைக்கு லீவுன்னு சொன்ன?" என்றார் அமலோற்பவம்.

பாய் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தார். எந்த இடத்தில் பேரம் படிந்துவிட்டது என்று தெரிந்த வியாபாரி அவர். "ஆமா, லீவுதான்" என்று நின்ற இடத்திலேயே நின்றார். தன் வீட்டில் இருக்கிறது என்று வாயைத் திறக்கப்போன, நிவேதாவின் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மூடிக்கொண்டாள்.

"மரக்காணத்துல குந்திகினு உப்பு இல்லன்னா ஊரு சிரிக்கும்" என்றார் அமலோற்பவம். "போய் ஒரு கை அள்ளினு வா பாவாடை."

கௌதம் தான் போவதாக எழுந்தார். உனக்கு எந்த உப்பை அள்ளுவது என்று தெரியாது, உட்கார் என்று அமலோற்பவத்திடமிருந்து அவருக்குப் பதில் கிடைத்தது.

"புது உப்பு கசக்கும்க்கா" என்றார் பாவாடை.

"கசக்கட்டும்."

பாவாடை கம்பியையும் பார்த்தார், தணலையும் பார்த்தார். பதம் தப்பினால் மறுபடி மூட்ட வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நிவேதா தெருமுனைவரை ஓடிப்போய், அப்பா ரோட்டைத் தாண்டுவதைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

அவர் உடனே திரும்பவில்லை. காக்கைகள் கொல்லைச் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சாமியார் மணியைப் பார்த்தார். சிவஞானம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். அமலோற்பவம் வேண்டாம் என்றார். சொன்னவரின் நெற்றியில் வியர்வை. அஞ்சம்மாள் இல்லாத வரப்பையும் பாத்தியையும் பார்த்து மனுஷன் அங்கேயும் ஒரு மூலை தேடி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. என்ன நம்பிக்கை பார் என்று நிவேதா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள்.

பாவாடை வந்தபோது வேட்டி தொடைக்கு மேல் கட்டியிருந்தது. முழங்கால்வரை சேறு. துண்டில் முடிந்த உப்பு. முகம் கோபத்தில் சிவந்திருந்தது. கோபம் உப்பின் மேல் இல்லை.

"ஏன்டா டேய், பாத்தியா அது? உப்போட சேத்து மண்ணையும் வாரி வச்சிருக்கிற. கெழக்கு மடைய அடைக்காம வுட்டு தண்ணி மொத்தம் போயிகினு இருக்குது. நான்தான் அடைச்சிட்டு வந்தேன்." மூச்சு வாங்கியது. "நாளைக்கு அந்தப் பக்கம் வந்தன்னா கால ஒடச்சிடுவேன்."

"வரல மாமா" என்றார் கௌதம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. லோடு ஏற்றுகிறவரைப் பாத்தியில் இறக்கியதில் அவருக்கும் கால் வெடித்துப்போயிருந்தது.

சிவஞானம் செல்போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று யாரிடமோ சத்தமாகச் சொல்வது உள்ளேவரை கேட்டது.

மீன் வெந்தது. முதல் துண்டை வாயில் போட்ட சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. உப்பு உண்மையிலேயே கசந்தது. பாய் எலுமிச்சம்பழத்தை ஆளுக்குப் பாதியாகப் பிழிந்தும் கசந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். அமலோற்பவம் மூன்று முறை கேட்டு வாங்கினார். உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து போடச் சொன்னார். பாவாடை நின்றபடியே, கம்பியை விடாமல், ஒரு மீனின் தலையை உறிஞ்சினார். பிறகு இன்னொன்றை எடுத்தார். நிவேதா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு நடுவில் அஞ்சம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் மீன் தின்றால் முள்ளைக்கூட எண்ணிப் பார்க்கமாட்டாள் என்று யாரோ சொல்ல, பாவாடை சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாவாடை மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மறுபடி உப்பளத்துக்குப் போய்விட்டார். அமலோற்பவம் மட்டும் எழுந்திருக்கவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது, நீங்கள் போங்கள் என்று எல்லோரையும் அனுப்பி வைத்தார். கடைசியில் நிவேதா இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், நசுங்கிச் சப்பையாகி, நேற்றுப் பிரித்த உப்புப் பாக்கெட் கிடந்தது. தண்ணீர் குடிக்கப்போன அமலோற்பவம் அதை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, புடவைக்கு அடியில் வைத்து, காலை முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.